செல்வியின் அட்டிகை

அக்கா,

இன்று காலையில் பூந்திக்கொட்டையை உடைத்து வெந்நீரில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் புளித்த வாடை அடுப்படி முழுக்கப் பரவிவிட்டது. நந்தினிக்குக் கல்யாணம் முடிந்து பதினோரு நாள் ஆகிறது. மறுவீடு, விருந்து என்று அலைந்ததில் அட்டிகையில் சந்தனமும் வேர்வையும் அப்பிப்போயிருந்தது. நாளைக்கு அவள் மாப்பிள்ளையோடு கோயம்புத்தூருக்குக் கிளம்புகிறாள். அதற்குள் துடைத்து, கையோடு கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

"கல்லு வச்ச நகைய ஊறப் போட்றாத. உள்ள அரக்கு இருக்கு, கரைஞ்சிரும். நுரைய மட்டும் தொட்டு, புள்ளைக்கு மூஞ்சி தொடைக்கிற மாதிரி தொடச்சு எடு" என்பீர்கள். அப்படியேதான் செய்தேன். நடுப்பதக்கத்தில் ஏழு கல், பக்கத்துக்கு ஒன்பது கல். அழுக்குப் போகப் போகச் சிவப்பு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அந்த வாடையில் உட்கார்ந்திருந்தபோது, நீங்கள் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது. உங்களிடம் சொல்ல வேண்டிய ஒரு சேதி இருக்கிறது. கல்யாணத்தன்று காலையில் தெரிந்துகொண்டது. வேறு யாரிடம் சொன்னாலும் புரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

உங்களை நான் முதலில் பார்த்தது என் கல்யாணத்தில். தெப்பக்குளத்து மாரியம்மன் கோயிலில் இருபது பேரை வைத்து நடந்த கல்யாணம். செல்லூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பத்து வருஷம் நின்று, தம்பிக்கும் இரண்டு தங்கைகளுக்கும் ஒரு வழி செய்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது எனக்கு முப்பத்து மூன்று வயதாகியிருந்தது. என்னைக் கட்டிக்கொண்டவருக்கு முதல் மனைவி செல்வி தவறி ஒன்றரை வருஷம். நாலரை வயதில் ஒரு பெண் குழந்தை. அந்தக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமயநல்லூரிலிருந்து வந்து இறங்கினீர்கள். செல்விக்கு நீங்கள் அக்கா என்றும், அதுவரை நந்தினியை வளர்த்தது நீங்கள்தான் என்றும் யாரோ என் காதில் சொன்னார்கள்.

தாலி கட்டுவதற்கு முன்னால் என் மாமியார் உங்களைத் தனியே கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். எல்லோருக்கும் நடுவில் வைத்துக் கேட்டுவிட்டார். செல்வியுடைய அட்டிகை உன்னிடம்தானே இருக்கிறது, பொண்ணு கழுத்து வெறுமனே கிடக்கிறது, கொண்டுவந்தாயா என்று.

நீங்கள் குரலை உயர்த்தவில்லை. குழந்தையை ஒரு இடுப்பிலிருந்து இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டீர்கள்.

"கொண்டாரல அத்தை. அது எங்க அம்மா கழுத்துல கெடந்தது. பெறகு எங் கழுத்துல, பெறகு செல்வி கழுத்துல. இன்னொருத்தி கழுத்துல போட்டுப் பாக்க எனக்கு மனசு வராது. நந்தினிக்குன்னு வச்சிருக்கேன்."

மாலையும் கழுத்துமாக நின்றுகொண்டு நான் அதைக் கேட்டேன். அப்படி ஒரு அட்டிகை இருப்பதே எனக்கு அந்த நிமிஷம்தான் தெரியும். கேட்காத பொருளை இல்லை என்று சொல்லி என்னைத் தலைகுனிய வைத்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். அந்தக் கோபம் எனக்கு ரொம்ப வருஷம் இருந்தது. உங்களிடம் பின்னால் ஒப்புக்கொண்டதுதான், இருந்தாலும் எழுத்தில் ஒருமுறை இருக்கட்டும்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவீர்கள். ஆரப்பாளையத்தில் இறங்கி, டவுன் பஸ் மாறி, பதினோரு மணிக்கெல்லாம் எங்கள் சந்துமுனையில் உங்கள் செருப்புச் சத்தம் கேட்டுவிடும். ஒரு பையில் கத்தரிக்காய், வாழைப்பூ, கறிவேப்பிலை. இன்னொரு பையில் நந்தினிக்கு மட்டும் ஏதாவது. வந்த உடனே அவளை மடியில் போட்டுத் தலையைப் பிரித்துப் பேன் பார்ப்பீர்கள். மணிக்கட்டை இரண்டு விரலால் சுற்றிப் பிடித்து, போன மாதத்துக்கு இந்த மாதம் சதை கூடியிருக்கிறதா என்று பார்ப்பீர்கள். என்னை ஒரு வார்த்தை குற்றம் சொன்னதில்லை. அந்தச் சோதனையே எனக்குக் குற்றம் சொல்வது போலத்தான் இருக்கும்.

என்னைச் சித்தி என்று கூப்பிட வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நீங்கள்தான். அவள் என்னை அம்மா என்று கூப்பிட வேண்டும் என்று நான் என்றைக்கும் ஆசைப்பட்டுச் சொன்னதில்லை. ஆனாலும் நீங்கள் முந்திக்கொண்டது வலித்தது.

முதல் வருஷம் எங்கள் வீட்டில் தண்ணீர் மட்டும் குடித்தீர்கள். இரண்டாம் வருஷம் காப்பி. மூன்றாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நந்தினிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தபடியே நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது, நீங்களாகத் தட்டை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். அன்றைக்குச் சட்னியில் உப்புத் தூக்கல். ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டீர்கள். நமக்குள் அவ்வளவுதான் அப்போதெல்லாம்.

நந்தினிக்குப் பதின்மூன்று வயதில் சடங்கு வைத்தோம். செல்விக்கு அண்ணன் தம்பி கிடையாது. தாய்மாமன் இல்லாத பிள்ளை என்று யாரும் வாய் திறந்துவிடக் கூடாதென்று, தாய்வீட்டுச் சீரை நீங்களே தலையில் தூக்கிக்கொண்டு மேளத்துக்குப் பின்னால் தெருவில் நடந்து வந்தீர்கள். அன்றைக்குத்தான் அட்டிகையை முதலில் பார்த்தேன். ரோஸ் காகிதத்தைப் பிரித்து எடுத்து அவள் கழுத்தில் வைத்தீர்கள். பின்னால் பட்டுக் கயிற்றை முடிச்சுப் போட உங்கள் விரல் ஒத்துழைக்கவில்லை. மூன்று தடவை நழுவியது. "இந்தா, நீ கட்டிவிடு" என்றீர்கள், என் முகத்தைப் பார்க்காமல்.

மறுநாள் ஸ்டூடியோவில் படம் எடுக்க வேண்டியிருந்ததால் அட்டிகையை என்னிடமே வைத்துவிட்டு, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பஸ்ஸுக்குக் கிளம்பினீர்கள். நந்தினி அசதியில் அடுத்த அறையில் பாயில் படுத்துவிட்டாள். அவர் வாடகைப் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்க வண்டியில் போயிருந்தார். பீரோவில் வைத்துப் பூட்டத்தான் அதை எடுத்தேன்.

என் கல்யாணப் படம் அந்தப் பீரோவுக்கு நேர் மேலே மாட்டியிருக்கும். அதில் என் கழுத்தில் ஒரு நூல் சங்கிலி மட்டும் கிடக்கும். ஒன்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்த படம். ஒரு நிமிஷம் வைத்துப் பார்த்தால் என்ன என்று தோன்றிவிட்டது. கொண்டையை ஒதுக்கிக்கொண்டு கயிற்றைக் கட்டினேன். கண்ணாடியில் நிமிர்ந்து பார்ப்பதற்குள் பின்னால் ஆள் நிற்பது தெரிந்தது. திரும்பினேன். நீங்கள். மூக்குக்கண்ணாடியை மறந்துவைத்துவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்திருந்தீர்கள்.

மேசைமேல் இருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். எனக்குக் கழுத்திலிருந்து அதை அவிழ்க்கக் கை வரவில்லை.

அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. அட்டிகையை அவரிடம் கொடுத்தனுப்பினேன். வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டீர்களாம். நந்தினியிடம் போனில் பேசுவீர்கள். வயலில் வேலை என்பீர்கள், முழங்கால் வலி என்பீர்கள். என்ன நடந்தது என்று நான் அவரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? எட்டு மாதம் அப்படிப் போனது. பிள்ளை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சந்துமுனையைப் பார்த்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் ஒரு நிமிஷ ஆசையால் ஒரு குழந்தைக்குப் பெரியம்மா இல்லாமல் போய்விட்டாளே என்று இருந்தது.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிச் சமயநல்லூர் வந்தேன். உங்கள் வீட்டுக்குப் பின்னால் தோட்டத்தில் கத்தரிக்காய் பறித்துக்கொண்டிருந்தீர்கள். மறுநாள் சந்தைக்குப் போகிற காய். என்னைப் பார்த்ததும் "வா" என்றீர்கள். அவ்வளவுதான். கூடையை நகர்த்தி எனக்கும் ஒரு வரிசை விட்டீர்கள். பையை வரப்பில் வைத்துவிட்டு நானும் பறித்தேன். எனக்குப் பழக்கமில்லை. காம்பு முள் விரலில் குத்திக்கொண்டே இருந்தது.

"அன்னைக்கு நான் செஞ்சது தப்புக்கா" என்றேன். "மன்னிச்சிருங்க."

நீங்கள் பறித்துக்கொண்டே இரண்டு செடி தள்ளிப் போனீர்கள். பிறகு நிமிர்ந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றீர்கள்.

"கோவத்துல வராம இருக்கேன்னா நெனச்ச? வாசல்ல வந்து நிக்கிறேன். முதுகு காட்டி நிக்கிற. கொண்டைய ஒதுக்கிக்கிட்டுக் கயித்தக் கட்டுற. அப்படியே செல்வி. ஒரு நிமிசம் எனக்கு எல்லாமே மறந்துபோச்சு. பேரச் சொல்லிக் கூப்பிடப் போனேன். நீ திரும்பிட்ட."

காயை எடுத்துக் கூடையில் போட்டீர்கள்.

"அதுக்கு நீ என்ன பண்ணுவ. எனக்குத்தான் அந்தப் படிய மறுபடி மிதிக்கத் தெம்பில்ல."

அன்றைக்குத்தான் செல்விக்கு வந்த காய்ச்சலைப் பற்றிச் சொன்னீர்கள். ஊரில் பங்குனிப் பொங்கலுக்கு மூன்று வயது நந்தினியோடு செல்வி வந்திருக்கிறாள். அட்டிகை போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போயிருக்கிறாள். திரும்பி வரும்போதே உடம்பு அனலாகச் சுட்டிருக்கிறது. கழுத்து எரிகிறது என்று அட்டிகையைக் கழற்றி உங்கள் உள்ளங்கையில் வைத்து, "இத வச்சிரு அக்கா, காச்சல் விட்டதும் வாங்கிக்கிறேன்" என்றிருக்கிறாள். நாலாம் நாள் மதுரை ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். கல்யாணமாகி ஐந்தே வருஷம்.

"வச்சிருன்னுதான் சொன்னா. யாருக்காவது குடுத்துருன்னு சொல்லல" என்றீர்கள். "உங் கல்யாணத்தன்னைக்கு ஒங்க மாமியா கேக்கவும் எனக்கு அதுதான் காதுல விழுந்துச்சு. ஒன்னத் தலகுனிய வைக்கணும்னு சொல்லலம்மா."

ஒன்பது வருஷம் கோபமாகச் சுமந்தது எல்லாம் அந்தக் கத்தரித் தோட்டத்தில் என்ன ஆனது என்று எனக்கே தெரியவில்லை. மத்தியானம் உங்கள் வீட்டில் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டேன். பெரியப்பா என்று நந்தினி கூப்பிடுகிற உங்கள் வீட்டுக்காரர், என்ன விசேஷம் என்று கேட்டார். சும்மாதான் வந்தாள் என்றீர்கள். பஸ் வரும் வரை ரோட்டோரப் புளியமரத்தடியில் என்னோடு நின்றீர்கள். பஸ் ஏறும்போது, ஞாயிற்றுக்கிழமை வாரேன், பிள்ளையிடம் சொல்லிவிடு என்றீர்கள்.

அதன் பிறகு ஒரு மாதம்கூடத் தப்பவில்லை. நந்தினி காலேஜ் முடித்தது, கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்தது, அங்கேயே ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்று எனக்கு முன்னால் உங்களிடம் சொன்னது, அதை நீங்கள் எனக்குச் சொல்லி, நான் அவரிடம் சொல்லி, வீடு ஒரு வாரம் ஆடிப்போய் அப்புறம் அடங்கியது, எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். "நம்ம ரெண்டு பேரும் ஒரு பக்கம் நின்னா அவரு எம்புட்டு நேரம் நிப்பாரு" என்று சிரித்தீர்கள். நம்ம ரெண்டு பேரும் என்ற சொல்லை அன்றைக்குத்தான் உங்கள் வாயில் முதலில் கேட்டேன்.

போன வருஷம் உங்களுக்கு வயிற்றில் கட்டி என்று ஆரம்பித்தது. ஆபரேஷனுக்கு உடம்பு தாங்காது, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். உங்கள் மகன்களில் பெரியவன் திருப்பூரில், சின்னவன் சிங்கப்பூரில். மருமகள் கைக்குழந்தைக்காரி. நான் கேட்காமலேயே பையில் நாலு புடவையை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். இருபத்திரண்டு நாள் உங்களோடு இருந்தேன். சமயநல்லூரில் என்னை எல்லோரும் யார் என்று கேட்டார்கள். செல்வி வீட்டுக்காரருக்கு இரண்டாம் தாரம் என்று சொல்லத் தயங்கி, சொந்தக்காரி என்று மட்டும் சொன்னேன்.

ஐப்பசியில் ஒரு நாள் காலை, வெந்நீரில் உடம்பு துடைத்து, தலை வாரிவிட்ட பிறகு பீரோச் சாவியைக் கேட்டீர்கள். எந்தத் தட்டில் இருக்கிறது என்று சொல்லி என்னையே எடுக்கச் சொன்னீர்கள். ரோஸ் காகிதம் மடிப்பில் கிழிந்திருந்தது. உங்களிடம் நீட்டினேன். வாங்காமல் என் கையையே மூடிவிட்டீர்கள்.

"வாங்கிக்கிறேன்னு சொன்னா. வரல. நீ வாங்கிக்க."

நந்தினி கல்யாணத்தில் உங்கள் கையால் போட்டுவிட வேண்டியதுதானே, தை மாதத்துக்குள் நாள் பார்த்துவிடலாம் என்று நான் உளறினேன். உளறல் என்று நம் இருவருக்கும் தெரியும்.

"நான் குடுத்தா பெரியம்மா குடுத்ததா இருக்கும். நீ குடுத்தா அம்மா குடுத்ததா இருக்கும். எங்க வீட்டுல அது அம்மாகிட்ட இருந்துதான் வரும்" என்றீர்கள். மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தீர்கள். பிறகு, போட்டுக் காட்டு என்றீர்கள்.

நான் கட்டிலுக்கு முதுகு காட்டித் திரும்பி நின்றுதான் கட்டினேன். கத்தரித் தோட்டத்தில் நீங்கள் சொன்னது மனதில் இருந்தது. கடைசியாக ஒருதரம் தங்கையைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். முடிச்சுப் போட்ட பிறகும் அப்படியே நின்றேன்.

"இந்தப் பக்கம் திரும்பு" என்றீர்கள். "ஒம் மூஞ்சியப் பாக்கணும்."

பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். பதக்கம் கோணலாக இருக்கிறது என்று கையைத் தூக்கிச் சரிசெய்தீர்கள். ஒன்பதாம் நாள் போய்விட்டீர்கள்.

இப்போது அந்தச் சேதிக்கு வருகிறேன். ஆவணியில் முகூர்த்தம். மண்டபத்து மாடி அறையில், பியூட்டிஷியன் பெண் வெளியே போன சமயம் பார்த்து நந்தினிக்கு அட்டிகையைக் கட்டினேன். அம்மாவுடைய கதை, பெரியம்மாவுடைய கதை எல்லாம் அவளுக்குத் தெரியும். எனக்கு மட்டும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. கழுத்தில் ஏறுகிற பொருள், மறைத்துக் கொடுக்கக் கூடாது என்று தோன்றியது. உனக்குச் சடங்கு நடந்த அன்றைக்கு மத்தியானம் இதை நான் ஒருமுறை போட்டுப் பார்த்தேன், பெரியம்மா பார்த்துவிட்டார், அதனால்தான் எட்டு மாதம் வரவில்லை, என்னால்தான் என்று சொல்லிவிட்டேன்.

அவள் திரும்பவில்லை. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

"தெரியும் சித்தி. நான் தூங்கல. கதவு தெறந்துதான் கெடந்துச்சு, பாய்ல கெடந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

பதின்மூன்று வயதுப் பிள்ளை அத்தனையும் பார்த்திருக்கிறாள். நீங்கள் வாசலில் நின்றது, நான் அதை அவிழ்க்க முடியாமல் நின்றது, நீங்கள் போன பிறகு கட்டிலில் உட்கார்ந்து நான் அழுதது எல்லாம். நம் இருவருக்குமிடையில் ஏதோ முறிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டு, யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், ஞாயிற்றுக்கிழமைதோறும் வாசலில் உட்கார்ந்து உங்களுக்காகக் காத்திருந்திருக்கிறாள். அவளுக்குத் தெரியக் கூடாதென்று நீங்கள் போகும்வரை நாம் இருவரும் மறைத்தோம். நமக்குத் தெரியக் கூடாதென்று அவள் மறைத்திருக்கிறாள்.

"ஏண்டி அன்னைக்கே சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்லணும்னு நெனச்சேன். அது உங்களுக்கு நல்லா இருந்துச்சு சித்தி. ஆனா நீங்க அழுதுட்டீங்க. பெறகு எப்படிச் சொல்றது?"

கீழே மேளம் ஆரம்பித்துவிட்டது. கண் மை கலைந்துவிடும், அழாதே என்று அவளிடம் சொல்லிவிட்டு நான் அழுதேன். மேடையில் அவள் கழுத்தில் அட்டிகை எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? உங்கள் பெரியவன் போனில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். செல்விக்கு இருந்ததாக நீங்கள் சொல்வீர்களே, நீளக் கழுத்து, அதேதான்.

நாளைக்கு அது கோயம்புத்தூர் போய்விடும். கொடுப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கொடுக்க வேண்டிய இடத்தில் நின்று கொடுக்கிறேன். அந்த இடத்தை நீங்கள் எனக்குக் காட்டிவிட்டுப் போனீர்கள்.

இன்னொருத்தியின் இடத்துக்கு வந்தவள் என்றுதான் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் என்னை அப்படித்தான் பார்த்து வந்தேன். புதிதாக ஒரு வீட்டுக்குப் போனால், யாராவது என்னை ஏற இறங்கப் பார்த்தால், இன்றைக்கும் உள்ளே ஒரு கூச்சம் எழும். அப்போதெல்லாம் உங்கள் குரல் வருகிறது. இந்தப் பக்கம் திரும்பு என்கிறது. திரும்பி நிற்கிறேன், அக்கா.